ஊர் கேட்கும் பல்லியம்

நுழையும்முன்

இசையைத் தனியே கேட்கும் வாய்ப்புகள் இன்று பெருகியுள்ளன. பலரோடு கூடியிருந்து கேட்கும் வாய்ப்புகள் அந்த அளவிற்குப் பெருகவில்லை. ஒரு சிற்றூர்க் கல்லூரியின் மாணவர்கள் மேடையில் இசைக்க, அவ்வூர் மக்கள் அதனை நேரில் சென்று கேட்பதால் இரு சாராரும் பெறும் பயன் யாது? அமெரிக்காவின் ஓபர்லின் கல்லூரியைச் சான்றாகக் கொண்டு இவ்வினாவிற்கு விடை காண முயல்கிறது இக்கட்டுரை.

பல்லியம்

‘இயம்’ என்னும் சொல் இசைக்கருவியைக் குறிக்கும். பல கருவிகள் ஒருங்கே கூடி ஒலிப்பது பல்லியம். சங்கப் புலவர் ஒருவர் நெடும்பல்லியத்தனார் என்றும், பெண்பாற் புலவர் ஒருவர் நெடும்பல்லியத்தை என்றும் பெயர் பெற்றிருந்தனர். எனவே கருவிகள் பலவாகவும் இசை ஒன்றாகவும் அமையும் கலை தமிழ்ச் செவிக்குப் புதிதன்று. திருவிழா மேடைகளில் திரைப்பாடல்களை இசைக்கும் மெல்லிசைக் குழுவினை ‘ஆர்க்கெஸ்ட்ரா’ என அழைப்பது தமிழ்நாட்டு வழக்கு. மேலைநாட்டார் அச்சொல்லால் குறிப்பது வேறு. வயலின் முதலிய நரம்புக் கருவிகள், குழல்கள், கொம்புகள், முழவுகள் எனப் பல வகைக் கருவிகளை எழுபது முதல் நூறு பேர் வரை ஒரே மேடையில் அமர்ந்து இசைக்கும் பேரிசைக்குழுவே அது. பல்லியம் என்னும் பழஞ்சொல் அக்குழுவிற்கும் பொருந்தும்.

இத்தகைய பல்லியங்கள் பெருநகரங்களுக்கே உரியவை என்பது பலரின் எண்ணம். பெருஞ்செலவும் பெரிய அரங்கும் தேர்ந்த கலைஞர்களும் வேண்டும் கலை அது என்பதால் அவ்வாறு எண்ணுவது இயல்பே. ஆயினும் சிற்றூர் ஒன்று தன் எல்லைக்குள்ளேயே ஒரு பல்லியத்தைப் பெற்றிருத்தல் கூடும். அவ்வூரில் இசை கற்பிக்கும் ஒரு கல்லூரி இருத்தலும், அதன் அரங்கக் கதவு ஊராருக்குத் திறந்திருத்தலும் அதற்குப் போதுமானவை.

ஊரும் கல்லூரியும்

ஒகையோ மாநிலத்தில், ஈரி ஏரிக்குத் தெற்கே, கிளீவ்லாந்து நகரிலிருந்து ஏறத்தாழ 55 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது ஓபர்லின். ஏறத்தாழ எட்டாயிரம் பேர் வாழும் ஊர் அது. ஊரும் கல்லூரியும் 1833ஆம் ஆண்டில் ஒன்றாகவே தோன்றின. கறுப்பின மக்கள் அடிமைகளாக விற்கப்பட்டுவந்த அக்காலத்தில், 1835ஆம் ஆண்டிலேயே அவர்களை மாணவர்களாகச் சேர்த்துக்கொள்ள அக்கல்லூரி முடிவு செய்தது. 1837இல் ஆடவருக்கு நிகரான பட்டப்படிப்பில் பெண்களைச் சேர்த்துக்கொண்டது.

ஊரும் கல்லூரியும் ஓருயிராய் நின்ற நாளொன்றை வரலாறு குறித்துவைத்திருக்கிறது. 1858ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம், கென்டக்கியிலிருந்து தப்பி வந்து ஓபர்லினில் வாழ்ந்திருந்த ஜான் பிரைஸ் என்னும் இளைஞரை அடிமை பிடிப்போர் கவர்ந்து சென்றனர். செய்தி பரவியதும் ஊர் மக்களும் மாணவர்களும் அண்டை ஊரான வெலிங்டனுக்கு விரைந்தனர்; விடுதி ஒன்றில் அடைத்துவைக்கப்பட்டிருந்த அவரை மீட்டுவந்தனர். அதன் பொருட்டு முப்பத்தேழு பேர் மீது வழக்குத் தொடரப்பட்டது. அடுத்தவர் துயரைத் தன் துயராகக் கருதும் பண்பு அவ்வூரில் வேரூன்றியிருந்தது என்பதற்கு அந்நிகழ்வே சான்று.

அங்குள்ள இசைப்பள்ளி 1865இல் தொடங்கப்பட்டது. அமெரிக்காவில் இடையறாது இயங்கிவரும் இசைப்பள்ளிகளுள் மிகப் பழமையானது அதுவே. கல்லூரியின் பெரிய அரங்கான ஃபின்னி மன்றம் 1908இல் கட்டப்பட்டது. வழிபாட்டிற்கென எழுந்த அம்மன்றம் இசைக்கும் சொற்பொழிவுக்கும் இடமாயிற்று. 1957இல் மார்ட்டின் லூதர் கிங் அங்கே உரையாற்றினார். ஆண்டுதோறும் அக்கல்லூரியில் நூற்றுக்கணக்கான இசை நிகழ்ச்சிகள் நடைபெறுகின்றன. மாணவர்களும் ஆசிரியர்களும் வழங்கும் நிகழ்ச்சிகளுள் பெரும்பாலானவற்றுக்கு நுழைவுக் கட்டணம் இல்லை. கடைக்காரரும் தச்சரும் ஓய்வு பெற்ற ஆசிரியரும் பள்ளிச் சிறுவரும் விரும்பிய மாலையில் உள்ளே சென்று அமரலாம். மாணவர்களோடு ஊராரும் சேர்ந்து பாடும் சேர்ந்திசைக் குழுவொன்றும் பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் அங்கு இயங்கிவருகிறது.

கண்ணும் கேட்கும் இசை

உலகின் தலைசிறந்த பல்லியங்களின் பதிவுகள் கைப்பேசியிலேயே கிடைக்கும்போது, மாணவர்களின் வாசிப்பைக் கேட்க ஏன் அரங்கிற்குச் செல்ல வேண்டும் என்று வினவுவோர் உளர். நேரில் கேட்டலின் இயல்பை அறிந்தால் இவ்வினாவிற்கு விடை கிடைக்கும்.

நிகழ்ச்சி தொடங்குமுன் அரங்கில் அமைதி நிலவும். ஓபோ என்னும் குழற்கருவி ஒரே ஒரு சுரத்தை நீள ஒலிக்கும். அமெரிக்கப் பல்லியங்களில் அது பெரும்பாலும் நொடிக்கு 440 அதிர்வுகளைக் கொண்ட சுரம். மற்றக் கருவிகள் யாவும் அதனோடு தம்மை இணக்கிக்கொள்ளும். எண்பது பேர் தத்தம் ஒலியை மற்றொருவரின் ஒலிக்கேற்பத் திருத்திக்கொள்ளும் அச்சில நொடிகளைப் பதிவுகளில் வெட்டி நீக்கிவிடுகின்றனர். அரங்கில் இருப்போர்க்கோ அதுவே முதற்பாடம். கூடி வாழ்தலின் முதற்படி, பிறரைச் செவிமடுத்துத் தன்னைத் திருத்திக்கொள்வதுதானே!

மேடையில் நரம்புக் கருவிகள் முன்னும், குழற்கருவிகள் நடுவிலும், பித்தளைக் கருவிகளும் முழவுகளும் பின்னும் அமையும். ஒலி ஒரு நொடியில் ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும். கடைசி வரிசை முழவிற்கும் முதல் வரிசை வயலினுக்கும் இடையே பதினான்கு மீட்டர் இருப்பின், ஒன்றன் ஒலி மற்றொன்றை அடைய நொடியில் இருபத்தைந்தில் ஒரு பங்கு கழியும். செவியை மட்டும் நம்பி வாசித்தால் பின்வரிசையினர் பிந்திவிடுவர். ஆகவே அவர்கள் நடத்துநரின் கைக்கோலைக் கண்ணால் பற்றிக்கொண்டு, தம் செவிக்கு எட்டுவதற்குச் சற்று முன்னரே ஒலிக்கக் கற்கின்றனர். நேரில் காண்போர் இவ்வரிய உழைப்பைக் கண்ணாரக் காண்கின்றனர். இரு வயலின் கலைஞர்கள் ஒரே தாங்கியில் உள்ள இசைத்தாளைப் பார்த்து வாசிக்க, தாளின் பக்கம் முடியும்போது ஒருவர் வாசிப்பை நிறுத்திப் பக்கத்தைப் புரட்டுகிறார். மற்றவர் இசை அறுபடாமல் காக்கிறார். பதிவில் கேட்போர் செவிக்கு எட்டாத அறம் இது.

காத்திருத்தலும் இசையின் ஒரு பகுதியே. பீத்தோவனின் ஐந்தாம் சிம்பொனி நான்கு பகுதிகளை உடையது. அதில் டிராம்போன்கள் நான்காம் பகுதியில்தான் முதன்முதலாக ஒலிக்கின்றன. அக்கருவியை ஏந்திய மாணவர்கள் முதல் மூன்று பகுதிகளிலும் வாசிக்காமல் அமர்ந்திருக்கின்றனர். துவோர்சாக்கின் ‘புதிய உலகிலிருந்து’ என்னும் சிம்பொனியில் வெண்கலத் தாளங்கள் ஒரே ஒருமுறை மோதப்படுகின்றன. அந்த ஒரு நொடிக்காக ஒருவர் மாலை முழுதும் விழிப்போடு காத்திருக்கிறார். தன் முறை வரும்வரை பிறர்க்கு இடம் விட்டு, முறை வந்தபோது தவறாது ஒலித்தல் என்னும் இப்பண்பைச் சொல்லிப் புரியவைத்தல் அரிது. மேடையில் ஒருமுறை கண்ட சிறுவர்க்கு விளக்கம் வேண்டுவதில்லை.

பிழையின் மதிப்பு

மாணவர் வாசிப்பில் பிழை நேரும் என்பது மற்றொரு குறை. நேரும் என்பதில் ஐயமில்லை. ‘ஹார்ன்’ எனப்படும் கொம்பின் சுருளை நீட்டினால் ஏறத்தாழ பன்னிரண்டு அடி நீளும். அதன் உயர்சுரங்கள் ஒன்றுக்கொன்று மிக நெருங்கியவை. உதட்டின் அழுத்தம் இம்மியளவு மாறினும் கருதிய சுரம் நழுவி, அடுத்த சுரம் பிறந்துவிடும். தேர்ந்த கலைஞரும் அஞ்சும் இடம் அது. அத்தகைய இடத்தில் இருபது அகவை மாணவர் ஒருவர் தடுமாறுவதும், அடுத்த சுரத்திலேயே நிலைகொண்டு தொடர்வதும் இயல்பு. வீழ்ந்தவுடன் எழுந்து, தம்மால் பிறர் இசை கெடாதவாறு தொடரும் அத்துணிவு, பிழையற்ற வாசிப்பினும் சிலபோது மேலானது. பதிவுக்கூடத்தில் பிழையை அழித்து மீண்டும் வாசிக்கலாம். வாழ்க்கையில் அவ்வாறு இயலாது, மேடையிலும் இயலாது.

கற்போர்க்குக் கேட்போர் இன்றியமையாதவர். தனியறையில் ஆயிரம் முறை வாசித்த பகுதியும், எதிரே மனிதர் அமர்ந்து கேட்கும்போது புதிய பொருள் பெறுகிறது. கேட்போர் மூச்சடக்கி அமர்ந்திருப்பதையும் சலித்து நெளிவதையும் மேடையிலுள்ளோர் உணர்வர். எந்த இடத்தில் இசை உள்ளத்தைத் தொட்டது, எந்த இடத்தில் வெறும் ஒலியாய் நின்றது என்பதை அவ்வுணர்வே கற்பிக்கிறது. ஆகவே அரங்கிற்கு வரும் ஊரார் இசையைப் பெறுவோர் மட்டுமல்லர். இசைக்கலைஞரை உருவாக்கும் ஆசிரியரும் ஆவர். கட்டணமின்றி நுழைந்தவர் தம் கவனத்தையே கட்டணமாகச் செலுத்துகின்றார் எனலாம்.

ஒரு மாலையின் விளைவு

இவ்விசை செல்வர்க்கும் ஒரு சாரார்க்கும் உரியது, எளியோர்க்கு இதில் என்ன உண்டு என்பது மூன்றாவது தடை. இது எளிதில் புறந்தள்ளத்தக்கதன்று. பேரிசை அரங்குகள் பல நெடுங்காலம் நிறத்தாலும் செல்வத்தாலும் மனிதரைப் பிரித்தே வைத்திருந்தன. அத்தடையை உடைத்தோருள் ஒருவரின் வரலாறு ஓபர்லினில் தொடங்குகிறது.

ராபர்ட் நத்தானியேல் டெட் 1882இல் கனடாவின் ஒன்டாரியோ மாகாணத்தில் பிறந்த கறுப்பின இசையறிஞர். ஓபர்லினில் இசை பயின்று 1908இல் பட்டம் பெற்றார். அவர் மாணவராக இருந்த காலத்தில், புகழ்பெற்ற நைசல் நால்வர் குழு அக்கல்லூரிக்கு வந்து துவோர்சாக்கின் இசைப்படைப்பு ஒன்றை வாசித்தது. அதன் மெல்லிய நடையிலமைந்த பகுதியைக் கேட்டபோது, மறைந்த தம் பாட்டியின் குரல் மீண்டும் தம் செவியில் ஒலித்ததாக டெட் பின்னாளில் நினைவுகூர்ந்தார். அடிமைப்பட்ட மக்கள் பாடிய பக்திப் பாடல்களை அப்பாட்டி பாடக் கேட்டு வளர்ந்தவர் அவர். அப்பாடல்கள் பேரிசைக்கு அடித்தளமாகத் தக்கவை என்னும் தெளிவு அந்த ஒரு மாலையில் அவருக்குப் பிறந்தது. மேடையில் இருந்தோர் நால்வரே. எனினும் அவர்கள் வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருந்த ஒரு மாணவரின் வாழ்க்கைப் பாதை அங்கே முடிவாயிற்று.

பாட்டியின் பாடல்களைப் பல்லியத்தில் ஏற்றிய அவர், எகிப்தில் அடிமைப்பட்டிருந்த மக்களை மோசே விடுவித்த வரலாற்றைப் பொருளாகக் கொண்டு ‘தி ஆர்டரிங் ஆஃப் மோசஸ்’ என்னும் பெரும்படைப்பை இயற்றினார். 1937ஆம் ஆண்டு மே மாதம் சின்சினாட்டி இசைவிழாவில் அது முதன்முதலாக அரங்கேறியது. அரங்கேற்றத்தை நாடு முழுதும் கேட்குமாறு வானொலி நேரடியாக ஒலிபரப்பியது. ஆனால் படைப்பு முடியுமுன்னரே ஒலிபரப்பு நிறுத்தப்பட்டது. முன்னரே உறுதி செய்யப்பட்ட வேறு நிகழ்ச்சிகள் உள்ளன என்பது அறிவிப்பாளர் கூறிய காரணம். கறுப்பினத்தார் ஒருவரின் படைப்பை ஒலிபரப்புவதற்கு எழுந்த எதிர்ப்பே உண்மைக் காரணம் என்று கருதுவோர் உளர்.

வானொலியில் இசை அறுந்த அந்நேரத்தில் அரங்கினுள் இசை தொடர்ந்தது. அங்கே அமர்ந்திருந்தோர் இறுதிவரை கேட்டனர். எங்கோ இருக்கும் ஒரு கை, பொத்தானைத் திருப்பி இசையை நிறுத்திவிடலாம். மனிதர் கூடியிருந்து கேட்கும் இசையை அவ்வளவு எளிதில் நிறுத்த இயலாது. நேரிசையின் வலிமையை இதனினும் தெளிவாகக் காட்டும் சான்று வேண்டுவதில்லை.

2023ஆம் ஆண்டு சனவரி மாதம் நியூயார்க் நகரின் கார்னகி அரங்கில் அப்படைப்பு முழுமையாக ஒலித்தது. அதனை வழங்கியோர் ஓபர்லின் கல்லூரியின் மாணவர் பல்லியமும் பாடகர் குழுக்களுமே. நூற்றுப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்னர் அதே கல்லூரியில் பட்டம் பெற்ற ஒருவரின் குரலை அம்மாணவர்கள் மீட்டெடுத்தனர். அரிய படைப்புகளை ஏட்டளவில் உறங்கவிடாமல் ஒலிக்கச் செய்யும் கடமையைக் கல்லூரிப் பல்லியங்கள் ஏற்க இயலும். நுழைவுச்சீட்டு விற்பனையை நம்பி வாழும் பெருங்குழுக்கள் மக்கள் நன்கறிந்த படைப்புகளையே மீண்டும் மீண்டும் நாட நேர்கிறது. கல்லூரிக்கு அந்நெருக்கடி குறைவு. கற்பித்தலே அதன் நோக்கம்.

டெட்டுக்குப் பின்னும் அம்மரபு தொடர்ந்தது. பதினான்கு அகவையில் பள்ளிக் கல்வியை முடித்த ஜார்ஜ் வாக்கர், ஓபர்லினில் பயின்று 1941இல், பதினெட்டாம் அகவையில் பட்டம் பெற்றார். பியானோ கலைஞராக உயர விரும்பிய அவரது பாதையில் நிறவேற்றுமை குறுக்கிட்டது. இசை இயற்றுவதில் அவர் நிலைத்து நின்றார். குரலுக்கும் பல்லியத்திற்குமாக அவர் இயற்றிய ‘லைலக்ஸ்’ என்னும் படைப்பு 1996இல் புலிட்சர் பரிசு பெற்றது. இசைக்காக அப்பரிசைப் பெற்ற முதல் கறுப்பினத்தவர் அவரே. இத்தகையோர் தோன்றிய பின்னும் இவ்விசை ஒரு சாராருக்கே உரியது எனக் கூறுதல் பொருந்துமா? இசையில் குறையில்லை. கதவைச் சாத்திவைத்ததே குறை. திறந்த கதவின் வழியே நுழைந்தவர்கள் அவ்விசையையே விரிவாக்கிவிட்டனர்.

திறந்த கதவு

கல்லூரி என்பது மதில் சூழ்ந்த தனியுலகமாகிவிடும் இடர் எங்கும் உண்டு. மாணவர் வருவர், பயில்வர், பட்டம் பெற்றுப் பிரிவர். ஊரார் அவர்களை வீதியில் கடந்து செல்வர். இரு சாராருக்கும் இடையே வாடகையும் வணிகமும் அன்றி வேறு உறவு இராது. இசை மாலையொன்று அவ்விடைவெளியைக் குறைக்கிறது. பகலில் கடையில் ரொட்டி வாங்கிய மாணவி, மாலையில் செல்லோவை ஏந்தி மேடையில் அமர்கிறாள். ரொட்டி விற்றவர் நான்காம் வரிசையில் அமர்ந்து கேட்கிறார். மறுநாள் அவர்கள் மீண்டும் சந்திக்கும்போது ஒருவரையொருவர் அறிந்த இருவராகச் சந்திப்பர்.

அரங்கைக் கட்டணமின்றித் திறந்துவைக்கச் செலவாகும். விளக்கு, குளிர்காலத்தில் வெப்பமூட்டல், கருவிகளின் பராமரிப்பு, பணியாளர் ஊதியம் என யாவற்றுக்கும் பணம் வேண்டும். சிக்கனம் என்னும் பெயரால் முதலில் மூடப்படுபவை இத்தகைய கதவுகளே. இசையால் வரும் வருவாயைக் கணக்கேட்டில் தேடுவோர்க்கு அது நட்டமாகவே தோன்றும். ஆயினும் நூலகத்தில் நூலொன்றைப் படித்துச் செல்பவரிடம் எவரும் கட்டணம் கேட்பதில்லை. கல்லூரி அரங்கும் அவ்வாறான பொதுச்செல்வம் என்று கருதப்பட வேண்டும். அதனைக் காக்கும் கடமை கல்லூரிக்கு உண்டு. அதனை நிரப்பும் கடமை ஊருக்கு உண்டு. வெற்று நாற்காலிகளின் முன் எவ்வளவு காலம் ஒரு பல்லியம் இசைத்துக்கொண்டிருக்கும்?

இசையிலக்கணம் அறியாதவர் அரங்கிற்குச் செல்லத் தயங்க வேண்டியதில்லை. எப்போது கைதட்டுவது என்று தெரியாதவர் பிறர் தட்டும்வரை காத்திருந்தால் போதும். எல்லாவற்றையும் புரிந்துகொள்ள வேண்டும் என்பதும் இல்லை. ஒரு கருவியை மட்டும் கண்ணால் தொடரலாம். ஒரு மெட்டு மறைந்து மீண்டும் எங்கே முளைக்கிறது என்று தேடலாம். எதுவும் செய்யாமல் ஒலியில் நனைந்தும் இருக்கலாம். நைசல் குழுவைக் கேட்ட மாலையில் டெட் ஒரு மாணவரே. தம் பாட்டியின் குரலை அங்கே கேட்கப்போவதாக அவர் எண்ணிச் சென்றிருக்க மாட்டார்.

கல்லூரி உள்ள ஊர் எதுவாயினும், அதன் அரங்கில் இசை ஒலிக்கும் மாலை ஒன்று இருப்பின், அது அவ்வூருக்கு உரியது. வாசிக்கும் மாணவர் நான்கு ஆண்டுகளில் ஊரை விட்டுச் செல்வர். கேட்ட ஊர் அங்கேயே இருக்கும். ஒவ்வோர் ஆண்டும் புதிய மாணவர் வந்து, ஓபோவின் ஒற்றைச் சுரத்திற்குத் தம் கருவிகளை இணக்குவர். அவர்களின் முதல் சுரத்தைக் கேட்க அரங்கில் மனிதர் அமர்ந்திருத்தல் வேண்டும்.